மலையைப் பார்த்தோம், மக்களைப் பார்த்தோமா?

கடந்த ஆகஸ்டு விடுமுறையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் நான்கு வேன்களில் மாசாய் மாராவுக்குச் சென்று வந்தன. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு போன அந்தப் பயணத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாரா ஆற்றங்கரையில் வில்டபீஸ்ட் மந்தை ஆயிரக்கணக்கில் வந்து குவிந்து, முதல் மிருகம் தண்ணீரில் குதிக்கும்வரை தயங்கித் தயங்கி நின்றதை நம் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே நைரோபியிலிருந்து அவ்வளவு தூரம் குலுங்கிக் குலுங்கிப் போகலாம்.

ஆனால் போகும் வழியில் ஒரு சிறு சம்பவம் நடந்தது. நரோக் ஊரைத் தாண்டிய பிறகு மாட்டுமந்தை ஒன்று சாலையைக் கடப்பதற்காக எங்கள் வேன் நின்றது. மாடுகளுக்குப் பின்னால் சிவப்புப் போர்வை போர்த்திய ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கலாம், கையில் கோலுடன் வந்தான். அவனுக்குப் பின்னால் பாதி வெயிலும் பாதி மேக நிழலுமாக அருமையான மலைச்சரிவு. வேனிலிருந்த நண்பர் காமிராவைத் தூக்கினார், பிறகு இறக்கினார். "இந்தப் பையன் கொஞ்சம் நகர்ந்தா நல்லாயிருக்கும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்மில் யாரும் சொல்லக்கூடியதுதான்.

அவருடைய மகன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். அவன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், அந்த அண்ணா ஏன் இங்க இருக்காங்க? இது அனிமல்ஸ் இருக்கிற இடம்தானே?"

"இது அவங்க ஊருடா" என்று மட்டும் சொன்னேன். வேன் கிளம்பிவிட்டது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. குழந்தை கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொன்னது மனத்தில் முள்ளாக இருக்கிறது. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். அவனுக்காக மட்டுமல்ல, அவனுடைய அப்பா அம்மாவுக்காகவும், எனக்காகவும்.

நான் பிறந்து வளர்ந்தது சித்திரபுரம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்குப் போகும் வழியில் பள்ளிவாசலை ஒட்டிய மலையூர். திருவிதாங்கூரை ஆண்ட சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பெயரால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அவர் காலத்தில்தான் 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று கேரளம் என்று சொல்லும் நிலப்பகுதியின் முதல் நீர்மின் நிலையம் அது. முதிரப்புழை ஆற்றின் தண்ணீரை மலையைக் குடைந்து கொண்டுவந்து, பெரிய இரும்புக் குழாய்களில் செங்குத்தாக இறக்கிச் சக்கரத்தைச் சுழற்றினார்கள். அந்தக் குழாய்கள் பனிமூட்டத்துக்குள் இறங்கி மறைவதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. அப்பாவைப் பெற்ற பாட்டிக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை.

பாட்டி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கங்காணி பேச்சைக் கேட்டு மலையேறிய குடும்பம். அந்தக் காலத்தில் போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி, குரங்கணி வழியாக நடந்தே டாப் ஸ்டேஷனுக்கு ஏறி, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து போனவர்கள் ஏராளம். முதலில் வந்தவர்கள் கண்டது இன்று நாம் படத்தில் பார்க்கும் பச்சைக் கம்பளம் இல்லை. புல்வெளி, சோலைக்காடு, அட்டை, மலைக்காய்ச்சல், யானை. 1877இல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் அந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சில ஆண்டுகளில் தேயிலை நடத் தொடங்கினார்கள். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காட்டை வெட்டியது, கல்லைப் புரட்டியது, பாத்தி கட்டியது, செடி நட்டது எல்லாம் பெரும்பாலும் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து போன கைகள். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் கோயில் வாசலுக்கும் பொதுக்கிணற்றுக்கும் வெளியே நிறுத்தப்பட்ட சாதியினர்.

1908இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊஞ்சலில் தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். 1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்த ரயிலை அடியோடு கொண்டுபோய்விட்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். கம்பெனி மறுபடி சாலை போட்டது. போட்டவை அதே கைகள்தாம்.

ஆகவே மூணாறின் 'இயற்கை அழகு' என்று நாம் சொல்வதில் பாதி இயற்கை. மீதிப் பாதி வேலைத்தளம். செடிகள் இடுப்பளவில் ஒரே மட்டமாக நிற்பது கடவுள் கத்தரித்ததால் இல்லை. கொழுந்து எடுக்க எட்ட வேண்டும் என்பதற்காக மனிதர் வெட்டி வெட்டி நிறுத்திய உயரம் அது. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது ஒரு விடுமுறை நாளில் பாட்டிக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். சாலையோரத்துப் பாத்தியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கார் வந்து நின்றது. நம் ஊர்க்காரர்கள்தான், தமிழ் பேசினார்கள். மனைவி, குழந்தைகளைச் செடிகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஒருவர் சொன்னார்: "பாட்டியம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, போட்டோவுக்கு மறைக்குது." பாட்டி கூடையோடு நகர்ந்து நின்றார். அன்று ராத்திரி அடுப்பங்கரையில் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் வளத்த செடிக்கு நானே மறைப்பாம்லா!" வீட்டில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை. நரோக் சாலையில் நண்பர் காமிராவை இறக்கியபோது முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குரலை மறுபடி கேட்டேன்.

மாராவிலிருந்து திரும்பிய மறுவாரம் சங்கத்தில் பயணப் படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தோம் அல்லவா? அப்போது இன்னொரு குடும்பம், தாங்கள் ஊருக்குப் போனபோது மூணாறில் எடுத்த படங்களையும் காட்டியது. இராஜமலையில் வரையாடு, மாட்டுப்பட்டி அணை, டாப் ஸ்டேஷன் மேகம். எல்லாம் கண்கொள்ளாக் காட்சி. வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு மகிழ்ந்தேன். ஆனால் அத்தனை படங்களில் அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை.

வரையாட்டைப் பார்க்க வனத்துறை பஸ்ஸில் ஏறிப் போகும் அந்த இராஜமலைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் பெட்டிமுடி என்று ஓர் இடம் இருக்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பத்தே முக்கால் மணியளவில், கொட்டும் மழையில், மேலேயிருந்து மலை சரிந்து வந்து நான்கு லயங்களை மூடியது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் எழுபது பேர் இறந்தார்கள். நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மின்சாரம் இல்லை, தொலைபேசி வேலை செய்யவில்லை. செய்தி வெளியே எட்டியதே மறுநாள் காலையில்தான். வழியில் பெரியவரையில் தற்காலிகப் பாலமும் மழையில் போயிருந்ததால் உதவி போய்ச் சேரத் தாமதமானது. இறந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. அவர்களை இராஜமலையிலேயே அடக்கம் செய்தார்கள். பரம்பரை பரம்பரையாக அந்த மலையில் வேலை செய்தும் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. லயம் என்பது வேலை இருக்கும்வரைதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால், காலி செய்ய வேண்டியதுதான். கொரோனாவும் விமான விபத்தும் பேசப்பட்ட அந்த வாரத்தில் இந்தச் செய்தி நம்மில் பலருக்குக் கண்ணில் பட்டிருக்காது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மலைக்கே போய், காலைப் பனியில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போதும் தெரியாமலே திரும்புகிறோம் என்றால், நாம் எதைப் பார்த்தோம்?

அன்று படம் காட்டியவர்களிடம் இதை நான் சொல்லவில்லை. நல்ல நாளில் மனத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதுவும் தவறுதான்.

இனி மாசாய் பையனுக்கு வருகிறேன். அவன் ஏன் அங்கே இருக்கிறான் என்ற கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். நாம் பார்க்கும் பூங்காவுக்குள் அவன் ஏன் இல்லை? 1904லும் 1911லும் வெள்ளைக்கார அரசு போட்ட ஒப்பந்தங்களால் மாசாய் மக்கள் வடக்கே லைக்கிப்பியா முதலிய மேய்ச்சல் நிலங்களை இழந்து தெற்கே தள்ளப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால், இன்றைய தான்சானியாவில், செரங்கெட்டியைத் தேசியப் பூங்காவாக்கிய பிறகு 1959இல் அங்கிருந்த மாசாய் மக்களை வெளியேற்றி கொரங்கோரோ பக்கம் குடியமர்த்தினார்கள். மாராவில் 1961இல் சரணாலயம் வந்தது. அவர்கள் பல தலைமுறையாக மாடு மேய்த்த புல்வெளியில்தான் இத்தனை மிருகங்கள் பெருகி வாழ்ந்தன. மான்கறிக்காக வேட்டையாடும் வழக்கம் அவர்களிடம் பெரிதாக இல்லை. பாதுகாத்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, பாதுகாக்க வேண்டும் என்றார்கள்.

நம் எரவிகுளத்திலும் இதன் சாயல் உண்டு. இன்று சுமார் 97 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக இருக்கும் அந்த மேட்டு நிலம், ஆனைமுடி உட்பட, தோட்டத் துரைமார்கள் வேட்டையாடவும் தூண்டில் போடவும் ஒதுக்கி வைத்திருந்த இடம். 1971இல் சட்டம் போட்டுக் கேரள அரசு அந்த நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. துரைமார் காலத்திலும் பிறகும் அங்கே காவல் காத்தவர்கள் முதுவான் இனத்தார். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் மக்கள், தமிழை ஒட்டிய பேச்சுடையவர்கள். வரையாட்டுக்கு எந்தப் பாறை பிடிக்கும், எந்த மாதம் குட்டி ஈனும் என்று கணக்கு வைத்திருந்தவர்கள் அவர்கள். பெட்டிமுடிக்கு அப்பால் இருக்கும் அவர்களுடைய இடமலைக்குடிதான் 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது.

"ஐயா, மனிதர்கள் உள்ளே இருந்தால் மிருகம் எப்படிப் பிழைக்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மூணாறை அடுத்த சின்னக்கானலில், 2000களின் தொடக்கத்தில், நிலமில்லாத பழங்குடி மக்களுக்கு அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. '301 காலனி' என்று பெயர். நல்ல காரியம்தான். ஆனால் கொடுத்த நிலம் யானைகள் நடமாடும் வழி. பயிர் போயிற்று, வீடு போயிற்று, உயிர்களும் போயின. பலர் நிலத்தை விட்டே ஓடினார்கள். அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் 'அரிக்கொம்பன்' என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. யானைக்கும் வீடு போயிற்று, மனிதனுக்கும் வீடு போயிற்று.

செரங்கெட்டியில் மனிதரை வெளியே தள்ளியதும், சின்னக்கானலில் மனிதரை யானை வழியில் உட்கார வைத்ததும் எதிரெதிரான காரியங்கள் போலத் தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒன்று. எங்கோ ஒரு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து, 'இது காலி இடம்' என்று ஒருவர் முடிவு செய்கிறார். அங்கே நடப்பவர்களை, அது இரண்டு காலானாலும் நான்கு காலானாலும், கேட்பதில்லை. காமிராவுக்குள் காலியான மலையைத் தேடும் நாமும், தெரியாமலே, அந்த மேசைக்காரரின் கண்ணால்தான் பார்க்கிறோம். என் வாதம் இவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பும் வரும். "வருஷம் முழுக்க ஓடி ஓடி உழைக்கிறோம். பத்து நாள் லீவில் நிம்மதியாக நாலு இடம் பார்க்கப் போனால், அங்கேயும் கஷ்டத்தையா பார்க்க வேண்டும்?" என்பார்கள். அழகை ரசிப்பது பாவம் என்று நான் சொல்லவே மாட்டேன். பாட்டியே மேகம் இறங்கும் நேரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். தினம் பார்ப்பதுதானே என்றால், "தினமும் ஒண்ணுபோலவா இருக்கு?" என்பார். அந்த மலையின் கஷ்டமும் அழகும் அவருக்குச் சேர்ந்தே தெரிந்திருந்தன. ஒன்று தெரிந்ததால் மற்றது குறைந்துவிடவில்லை. மூணாறில் இன்று சுற்றுலாதான் பல வீடுகளில் அடுப்பு எரிக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் ஜீப் ஓட்டுகிறார்கள், வீட்டிலேயே அறை விடுகிறார்கள். என் சித்தப்பா மகனும் அப்படித்தான் பிழைக்கிறான். நாம் போகாமலிருப்பது அவர்களுக்கு உதவி ஆகாது.

அந்த மக்களைப் பரிதாபத்தோடு பார்க்க வேண்டும் என்பதும் என் எண்ணமில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அன்று நாள்கூலி 232 ரூபாய். போனஸை 10 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். பெண்கள் கேட்டது 20 சதவீதம். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட மேடைக்கு அருகே விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கையில் வென்றார்கள். கூலியும் அடுத்த மாதம் 301 ரூபாயாக உயர்ந்தது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அந்த நாட்களில் மூணாறுக்குச் சுற்றுலாப் போனவர்கள், 'வழி மறித்துவிட்டார்கள், டூர் கெட்டுப்போச்சு' என்று திரும்பியிருக்கலாம். நான் ஒரு தகப்பனாக நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி அதைவிட எது?

இந்த நாட்டில் நாமும் படத்துக்குள் இருப்பவர்கள்தாம் என்பதை மறக்கக்கூடாது. மொம்பாசா சாலையில் சாவோ காட்டைக் கடக்கும்போது யானைகளைத் தேடுகிறோம். அந்தக் காட்டின் வழியே 1896 முதல் 1901 வரை பழைய ரயில் பாதையைப் போட இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் இறந்தார்கள். சிங்கம் தின்றது சிலரைத்தான். நோயும் விபத்தும் தின்றது மற்றவர்களை. 'சிங்கக் கதை' நம் பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றக் கதை தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? புலம்பிவிட்டு நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. நம் சங்கத்தால் செய்ய முடிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சங்கப் பயணத்துக்கு முந்தின ஞாயிறு, தமிழ் வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம், போகும் ஊரில் யார் வாழ்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாலு வார்த்தை அவர்கள் மொழியிலும் கற்றுக்கொடுக்க வேண்டும். மாசாய் மக்கள் வணக்கத்துக்குச் 'சோபா' என்கிறார்கள். இதைச் சொன்னால் நம் வாண்டுகள் வீட்டு சோபாவை நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாராவைச் சுற்றி, 2005ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து, மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலங்களைச் சேர்த்து வனவிலங்குக்காக விட்டு, அதற்கு மாத வாடகை பெறும் காப்பகங்கள் வந்திருக்கின்றன. ஒரு ராத்திரியாவது அப்படிப்பட்ட இடத்தில் தங்கலாம். ஊரில், மறையூரைத் தாண்டிய சின்னாறு சரணாலயத்துக்குப் போனால் அங்குள்ள பழங்குடி வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடந்து பாருங்கள். மழைமறைவுக் காடு அது. நட்சத்திர ஆமையும் நரை அணிலும் வாழுமிடம். நமக்கு வெறும் புதராகத் தெரிவது அவர் விரல் நீட்டினால் உயிராகத் தெரியும்.

மூன்றாவது, மூணாறு போகிறவர்களுக்கு ஊர்க்காரனாக ஒரு வேண்டுகோள். நம் ஆகஸ்டு விடுமுறை அங்கே கடும் மழைக்காலம். 2018 ஆகஸ்டில் எங்கள் பள்ளிவாசலிலேயே மண் சரிந்து வழி அடைபட்டு, வெளிநாட்டுப் பயணிகள் உட்படப் பலர் ஒரு விடுதியில் சிக்கிக்கொண்டார்கள். ஆகவே டிசம்பரில் போங்கள். வானம் தெளிந்திருக்கும், ஒரு கம்பளி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அறை பிடிக்கும்போது ஜன்னல் காட்சியை மட்டும் கேட்காமல், மலையைச் செங்குத்தாக வெட்டிக் கட்டியதா என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால்தான் கட்டுகிறவர் யோசிப்பார். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். 'படையப்பா' என்று ஊர் செல்லப்பெயர் வைத்திருக்கும் யானையைப் பயணிகள் சீண்டி, அது மிரண்டு, அதன் பலனை அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளி அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, ஒருவரைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். பெயரையும் கேளுங்கள். கொழுந்து எடுக்கும் அம்மாவிடம் கூடையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு பத்து ரூபாயை நீட்டுவதைவிட, "எந்த ஊரும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கயத்தாறு, சங்கரன்கோவில், இராஜபாளையம் என்று பதில் வரும். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊராகவே இருக்கும்.

வரும் டிசம்பரில் கெரிச்சோ தேயிலை மலைக்குப் போகலாம் என்று செயற்குழுவில் பேச்சு இருப்பதாக அறிகிறேன். முதலில் கை தூக்குபவன் நான். முதன்முதலில் 1903இல் லிமுருவில் நட்டபோது தேயிலை இந்தியாவிலிருந்துதான் இந்த நாட்டுக்கு வந்தது. கெரிச்சோவின் பச்சை, சித்திரபுரத்துக்காரனுக்கு வீடு போல இருக்கும். ஆனால் அந்த மலையிலும் ஒரு கதை உண்டு. தேயிலைக்காக நிலத்தை இழந்த கிப்சிகிஸ், தலாய் மக்கள் நியாயம் கேட்டு 2022இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: அந்தப் பயணத்தில் ஒரு முற்பகலை அங்கே கொழுந்து எடுப்பவர்களோடும் அந்த ஊர்ப் பெரியவர்களோடும் பேசுவதற்கு ஒதுக்குங்கள். பேச்சை மொழிபெயர்க்க ஆள் பிடிப்பது என் பொறுப்பு. அவர்களுக்குச் சொல்ல என்னிடமும் ஒரு பாட்டி கதை இருக்கிறது.

மூணாறு மலைகளில் குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும். இப்போதே திட்டம் போடும் குடும்பங்கள் நம் சங்கத்தில் இருக்கின்றன. வேனில் என்னிடம் கேள்வி கேட்ட பையன் அப்போது மீசை அரும்பும் வயதில் இருப்பான். அவனையும் அழைத்துக்கொண்டு இராஜமலைக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. பூவைப் பார்த்துவிட்டு, அங்கே அடக்கமானவர்களுக்கு ஒரு கைப்பிடி மண்ணோ மலரோ போட்டுவிட்டு வரவேண்டும். யாராவது எங்களைப் படம் எடுக்க வந்தால், அந்த ஊர்க்காரர் ஒருவரையும் கூட வந்து நிற்கச் சொல்லுவோம்.